ஆலயத்தின் ஆறு படிகள்

(நம் பங்கின் பொன்விழாத் தொடக்க நாளில், திருப்பலிக்குப் பின் ஆலய வளாகத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)





பொன்விழா என்றதும் நம் மனக்கண்முன் வருவன கொடியேற்றம், தேர், தோரணம், சமபந்தி விருந்து ஆகியவையே. இவை அனைத்தும் வேண்டியவைதாம். ஆனால் யூபிலி என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். லேவியர் ஆகமத்தில் ஐம்பதாம் ஆண்டைப் பற்றிய சட்டம் இருக்கிறது. அந்த ஆண்டில் எக்காளம் முழங்க வேண்டும். அடிமைப்பட்டவர் விடுதலை பெற வேண்டும். நிலத்தை இழந்தவர் தம் முன்னோரின் காணிக்குத் திரும்ப வேண்டும். சுருங்கச் சொன்னால், வெளியே நிற்க நேர்ந்தவர் எல்லாரும் உள்ளே தமக்குரிய இடத்துக்குத் திரும்பி வரும் ஆண்டே யூபிலி ஆண்டு.

அப்படியானால் நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஐம்பது ஆண்டுகளில் நம் ஆலயத்துக்கு வெளியே நிற்க நேர்ந்தவர் எவர்? அவர் உள்ளே வர நாம் என்ன செய்தோம்?

இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் இப்பங்கின் பொறுப்பை ஏற்று வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவரைக் கண்டோம். அதோ அந்த வேப்ப மரத்தடியில், சக்கர நாற்காலியில், ஒலிபெருக்கியை நோக்கி முகத்தைத் திருப்பியவராய் அமர்ந்திருந்தார். கல் குவாரியில் வேலை செய்தவர். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விபத்தில் முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். அவர் பெயரைச் சொல்ல மாட்டோம். சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு அவரைத் தெரியும்.

அன்று நற்கருணை வழங்கும் நேரத்தில் நாம் பீடத்திலிருந்து இறங்கி, கூட்டத்தைக் கடந்து, மரத்தடிக்கே சென்று அவருக்கு ஆண்டவரைக் கொடுத்தோம். மக்கள் மெச்சினார்கள். நமக்கும் உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்க வேண்டாம். ஞாயிறுதோறும் அப்படியே செய்துவந்தோம். ஓர் ஆண்டு சென்றிருக்கும். ஒருநாள் அவர் நம்மிடம் மெல்லக் கேட்டார்: “சாமி, ஆண்டவர் வாராவாரம் என்கிட்ட வர்றாரு. நான் ஒரு வாரமாவது அவர்கிட்ட வரணும்ல?”

ஆறு படிகள், சகோதரர்களே! ஒவ்வொன்றும் அரை அடி. ஆக மூன்றடி உயரம். ஆலயத்தைக் கட்டிய நம் முன்னோர் மழைநீர் உள்ளே புகாதிருக்கவும், ஆலயம் ஓங்கித் தெரியவும் அடித்தளத்தை உயர்த்திக் கட்டினார்கள். அவர்கள்மேல் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மூன்றடி உயரம் அவருக்கும் திருப்பீடத்துக்கும் நடுவே மலைபோல் நின்றது.

முதலில் நம் இளைஞர் நால்வர் முன்வந்தார்கள். குருத்து ஞாயிறன்று அவரை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள். நான்காம் படியில் ஒருவர் கால் இடறியது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. விழவில்லை, இறைவன் காத்தார். ஆனால் ஊரே பார்த்திருக்க, மூட்டை போலத் தூக்கப்பட்ட அவர் முகத்தை நாம் பார்த்தோம். அடுத்த ஞாயிறு, “இன்னிக்கு மரத்தடியே போதும் தம்பி” என்று அவர்களிடம் சொல்லிவிட்டார்.

பிறகு நாம் ஒரு சாய்தளம் கட்டினோம். ராம்ப் என்று கொத்தனார்கள் சொல்வது அதைத்தான். இங்கேதான் நம் தவறு தொடங்கியது. நல்ல மனத்தோடு, அவசரத்தோடு, எவரையும் கேளாமல் கட்டினோம். மூன்றடி உயரத்துக்குப் பத்தடி நீளம். மேலே சிமெண்டைப் பூசி, கண்ணாடிபோல் வழவழப்பாக்கினோம். மந்திரித்தும் ஆயிற்று. அவரை அழைத்து, “ஏறி வாருங்கள்” என்றோம். பின்னால் இருவர் தள்ளினார்கள். பாதி வழியில் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. நாற்காலி பின்புறம் கவிழப் போயிற்று. பிடித்து இறக்கினோம். அவர் மூச்சு வாங்கியபடி நம்மைப் பார்த்துச் சொன்னார்: “சாமி, இது எனக்குக் கட்டினதா, உங்க மனசுக்குக் கட்டினதா?”

அந்தச் சொல் நம் நெஞ்சில் தைத்தது. இன்றும் தைத்தபடியே இருக்கிறது. அன்புக்கு அளவில்லை என்று நாம் பிரசங்கம் செய்கிறோம். உண்மைதான். ஆனால் சாய்தளத்துக்கு அளவு உண்டு. அளவு தவறினால் அன்பாகக் கட்டியதும் ஆளைக் கவிழ்க்கும். இன்று நாம் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து இது ஒன்றே.

அந்த அளவு என்ன? ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது ஓர் அடி உயரம் ஏற வேண்டுமானால் சாய்தளம் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் ஓட வேண்டும். நம் ஆலயத்தின் மூன்றடிக்கு முப்பத்தாறு அடி வேண்டும். நாம் கட்டியதோ பத்தடி!

இந்தக் கணக்கு யாரோ மேசையில் அமர்ந்து எழுதியதன்று. அமெரிக்க நாட்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் திமத்தி நியூஜென்ட் என்பவர், சக்கர நாற்காலியில் வந்த மாணவர்களோடு பல ஆண்டுகள் உழைத்தார். அவர்களால் எந்தச் சரிவில் ஏற முடிகிறது, எந்தக் கதவில் நுழைய முடிகிறது என்று அவர்களைக் கொண்டே கண்டறிந்தார். அந்த உழைப்பின் பயனாக 1961-இல் அந்நாட்டில் கட்டடங்களுக்கான முதல் தர அளவு வெளிவந்தது. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்னும் அளவு அதிலேயே இருக்கிறது. அவ்வாறே, ரயில் நிலையங்களில் தரையில் மஞ்சள் நிறத்தில் மேடு மேடாகப் பதித்திருக்கும் ஓடுகளைக் கண்டிருப்பீர்கள். பலர் அதை அலங்காரம் என்று எண்ணுகிறார்கள். அது பார்வையற்றோரின் காலுக்கும் கைத்தடிக்கும் எழுதிய எழுத்து. நீளக் கோடுகள் ‘இவ்வழியே நட’ என்கின்றன. புள்ளிகள் ‘நில், கவனி’ என்கின்றன. ஜப்பானில் செய்யிச்சி மியாக்கே என்பவர் உருவாக்கிய இந்த ஓடு, 1967-ஆம் ஆண்டு ஒக்காயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. ஆகவே தர அளவு என்பது வறட்டுச் சட்டமன்று. துன்பப்பட்டவர்களின் அனுபவம் எண்ணாக மாறி நிற்பது அது.

குருமடத்தில் அறநெறி இறையியல் கற்ற நாட்களில், நீதி வேறு, பிறரன்பு வேறு என்று நமக்குப் போதித்தார்கள். அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிப்பது நீதி என்பது புனித அக்குவினாஸ் தோமையாரின் போதனை. உரியதைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேலும் நம்முடையதைக் கொடுத்தால் அது பிறரன்பு. உரியதையே கொடாமல் வைத்துக்கொண்டு, அதில் கொஞ்சத்தைக் கிள்ளிப் போட்டு, அதைத் தருமம் என்று அழைப்பது இரண்டிலும் சேராது. ஞானஸ்நானம் பெற்ற ஒருவருக்கு ஆலய வாசல் உரியதா, நாம் போடும் தருமமா? உரியது என்றால், இத்தனை ஆண்டுகளாக மரத்தடியில் அவருக்கு நாம் காட்டியது இரக்கமன்று. அது தீராத கடன்.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. நாம் சிறுவராயிருந்தபோது இவர்களை எத்தகைய சொற்களால் அழைத்தோம் என்பதை நினைத்தாலே நாணமாக இருக்கிறது. பின்பு ‘ஊனமுற்றோர்’ என்றோம். கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில் ‘மாற்றுத்திறனாளிகள்’ என்னும் சொல் அரசின் சொல்லாயிற்று. நல்ல சொல். ஆனால் பெயர் மாறியதே அன்றிப் படி மாறவில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர் தமிழ்நாட்டில். இவர்களுக்கென 1995-இல் ஒரு சட்டம் வந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் நிறைவேற்றிய உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிறந்தது.

இச்சட்டத்தில் ‘பொதுக் கட்டடம்’ என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. அரசுக் கட்டடமாயினும் தனியார் கட்டடமாயினும், பொதுமக்கள் வந்து போகும் இடமெல்லாம் அதில் அடங்கும்: பள்ளி, மருத்துவமனை, கடை, பேருந்து நிலையம், ரயில் நிலையம். அதே வரிசையில் சமயக் காரியங்களுக்கான கட்டடங்களும் வருகின்றன. கோயில், மசூதி, ஆலயம் எதற்கும் விலக்கில்லை. அமெரிக்காவில் 1990-இல் வந்த சட்டம் சமய நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. அதற்கும் முன்பே, 1978-இல், அந்நாட்டு ஆயர்கள் தாமாகவே ஒரு மேய்ப்புப் பணி அறிக்கை வெளியிட்டு, ஆலயங்களின் தடைகளை நீக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலேயே திருச்சபை அவ்வாறு பேசியது. சட்டம் கட்டாயப்படுத்தும் நம் நாட்டில் நாம் பேசாதிருக்கலாமா?

ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள், விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றப்பட வேண்டும் என்கிறது அச்சட்டம். விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022-இலேயே தவணை தீர்ந்துவிட்டது. விதிப்படி அமையாத புதுக் கட்டடத்துக்கு அனுமதியும் தரலாகாது, முடிவுச் சான்றிதழும் தரலாகாது. சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை.

இவ்வளவு இருந்தும் ஏன் நாடு முழுதும் படிகளே தெரிகின்றன? பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி என்பவர் 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 2017-இல் நீதிமன்றம் பல உத்தரவுகளைப் பிறப்பித்தது. அவை நிறைவேறிய விதத்தை ஆராய்ந்து அறிக்கை தரும்படி ஹைதராபாத்தில் உள்ள நல்சார் சட்டப் பல்கலைக்கழகம் பின்னர்க் கேட்டுக்கொள்ளப்பட்டது. 2024 நவம்பர் 8 அன்று, தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்ந்த அமர்வு தீர்ப்பு வழங்கியது. கட்டாய விதிகளை வகுக்கும்படி சட்டம் சொல்கிறது. ஆனால் 2017 விதிகளின் 15-ஆம் விதி காட்டும் நெறிமுறைகளோ ஆலோசனைகளாகவே நிற்கின்றன. ஆகவே அவ்விதி சட்டத்துக்கு முரணானது. மீற முடியாத குறைந்தபட்ச அளவுகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

நாம் அந்தச் செய்தியைப் படித்தபோது நமது பத்தடிச் சாய்தளமே நினைவுக்கு வந்தது. ‘முடிந்தால் செய்யுங்கள்’ என்றால் எவரும் செய்ய மாட்டார்கள். செய்தாலும் நம்மைப் போலத்தான் செய்வார்கள். ‘இவ்வளவு வேண்டும், இதற்குக் குறையக் கூடாது’ என்றால்தான் ஓர் ஏழையின் சக்கரம் உருளும்.

நல்ல முன்மாதிரிகளும் உண்டு. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலைக்கு அருகே செல்ல, மணல்மீது நிரந்தர மரப்பாதை ஒன்று 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. கடலை முதன்முதலாகத் தொட்டவர்கள் அங்கே உண்டு. சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, மறுபடியும் சீர்செய்தார்கள். பாதை அமைத்தால் போதாது, பேணவும் வேண்டும் என்னும் பாடம் அதில் நமக்கு இருக்கிறது. நம் ஊரிலேயே தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியாகும் பள்ளிக்கூடத்தில் சாய்தளம் வைக்கிறார்கள். ஓட்டுக்கு வேண்டியவர் ஆண்டவரின் பந்திக்கு வேண்டாதவராகி விட்டாரா?

இனி வேதாகமத்தைப் பார்ப்போம். புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் அங்கிருந்து விழுகிறவனின் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று உபாகமத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. கட்டட விதிமுறை நகராட்சி அலுவலகத்தில் பிறந்தது என்று எண்ணியிருந்தோம். அது ஆண்டவரின் சட்டத்திலேயே இருக்கிறது! பார்வையற்றவர் முன்னே தடைக்கல் வைக்கலாகாது என்று லேவியர் ஆகமம் சொல்கிறது. நாமோ தடைக்கல்லை வைத்து, அதற்கு மெருகும் ஏற்றி வைத்திருக்கிறோம்.

மாற்கு நற்செய்தியில் கப்பர்நாகூம் ஊர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் கூட்டம். திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நால்வருக்கு வழியில்லை. அவர்கள் கூரையைப் பிரித்தார்கள். வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று மாற்கு எழுதவில்லை. ஆனால் கூரையைப் பிரித்தவர்களை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை என்பது தெரியும். அவர் கண்டது உடைந்த கூரையை அன்று, அவர்களுடைய விசுவாசத்தை. கட்டடம் மனிதனுக்காக, மனிதன் கட்டடத்துக்காக அன்று. மற்றொன்றையும் கவனியுங்கள். அம்மனிதன் உள்ளே வந்தது நால்வர் தோளில். வெளியே போனதோ தானாக, தன் படுக்கையைத் தானே சுமந்தபடி. சுமக்கப்படுவதோடு ஒருவனை நிறுத்திவிட ஆண்டவர் விரும்பவில்லை. குருத்து ஞாயிறன்று நம் இளைஞர்கள் காட்டிய அன்பு பெரிது. ஆனால் அந்த அன்பு முப்பத்தாறு அடிச் சாய்தளமாக மாறும்போதுதான் அவர் எவர் கையையும் எதிர்பாராமல் தாமாக வருவார், தாமாகப் போவார்.

நம் காலத்திலேயே ஒரு காட்சி. 2024 டிசம்பர் 24 இரவு, உரோமையில் புனித பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவு யூபிலிக்காகத் திறக்கப்பட்டது. திறந்தவர் திருத்தந்தை பிரான்சிஸ். அவர் நடந்து நுழையவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தே அந்த வாசலைக் கடந்தார். உலகத் திருச்சபையின் யூபிலி சக்கர நாற்காலியில் தொடங்கியது. அந்தத் திருத்தந்தை அன்று வேப்பனப்பள்ளிக்கு வந்திருந்தால் எங்கே அமர்ந்திருப்பார்? அந்த வேப்ப மரத்தடியில்தான்!

சிலர் நம்மிடம் கேட்டார்கள்: “இருப்பது ஒருவர், இருவர். அவர்களுக்காக இவ்வளவு செலவா?” நாம் சொல்லும் விடை இது. வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை எவர் எண்ணினார்? படி இருப்பதால் வராதவர்களைப் படியில் நின்று எண்ண முடியாது. மேலும், ஞாயிறு காலையில் அந்தப் படிகளின் அருகே ஒரு கால்மணி நேரம் நின்று பாருங்கள். மூட்டு வலியோடு பக்கவாட்டில் ஏறும் பாட்டிமார். கைக்குழந்தையோடு, மறுகையில் செருப்போடு வரும் தாய்மார். கால்கட்டோடு தொழிற்சாலையிலிருந்து திரும்பிய இளைஞர். ஐம்பதைத் தாண்டிய நாமும் பூசை உடுப்போடு ஏறும்போது இப்போது சுவரைப் பிடித்தே ஏறுகிறோம். இறுதியாக, அடக்கப் பூசைக்குச் சவப்பெட்டியைத் தூக்கி வரும் அறுவரையும் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று போடும் பாதையில் ஒருநாள் நாம் எல்லாருமே போவோம்.

வேறு சிலர், “முகப்பின் அழகு கெட்டுவிடும், பின்புறம் சக்ரீஸ்து வழியாக வைத்துவிடலாம்” என்றார்கள். மணமகளும் புது நன்மை வாங்கும் பிள்ளைகளும் தலைவாசல் வழியே வருகிறார்கள். இவர் மட்டும் புறக்கடை வழியே வர வேண்டுமா? எல்லாரும் நுழையும் வாசலிலேயே எல்லாரும் நுழைய வேண்டும். அதுவே ஆலயத்தின் அழகு.

இப்போது நாம் செய்யவிருப்பதைச் சொல்கிறோம். சென்ற மாதம் அவரை வணங்கி அழைத்தோம். கட்டட மேஸ்திரி, அளவு நாடா, பேரவை உறுப்பினர் இருவர், நடுவில் அவர். “நீங்களே அளந்து சொல்லுங்கள்” என்றோம். நாற்காலியைத் தாமே உருட்டிப் போய், வடபுறச் சுவரோரம் இடம் காட்டினார். பதினெட்டு அடி ஏற்றம், ஐந்தடிச் சமதளம், அங்கே திரும்பி மறுபடி பதினெட்டு அடி ஏற்றம், நேரே முகமண்டபம். நாற்காலி ஒரு சுற்றுச் சுற்ற ஐந்தடி வேண்டும் என்பதால் அந்தச் சமதளம். இரு பக்கமும் கைப்பிடி. ஏறக்குறைய மூன்றடி உயரத்தில் ஒன்று, அதற்குச் சற்றுக் கீழே நாற்காலியில் அமர்ந்தவர்க்கும் சிறுவர்க்கும் ஒன்று. சக்கரம் விளிம்பில் நழுவாதிருக்க ஓரத்தில் சிறு திட்டு. படிகளிலும் கைப்பிடி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் பார்வை மங்கியவர்க்குத் தெரியும்படி மஞ்சள் பட்டை. கதவு மூன்றடி அகலம் தடையின்றித் திறக்க வேண்டும். நிலைப்படியைத் தரைமட்டமாக்க வேண்டும். உள்ளே நடுவரிசையில் ஒரு பெஞ்சைக் குறுக்கி இரண்டு நாற்காலிகளுக்கு இடம். மூலையில் அன்று, குடும்பத்தாரோடு. பாடல் புத்தகத்தில் சில படிகள் பெரிய எழுத்தில். கழிப்பறை ஒன்று நாற்காலி திரும்பும் அகலத்தில், கைப்பிடிக் கம்பியோடு. வாசகம் வாசிக்க விரும்புவோருக்குப் படியேறத் தேவையில்லாத ஒரு வாசக மேடை.

முகப்புக்குக் கண்ணாடி போல மெருகேற்றிய கிரானைட் போட நன்கொடையாளர் ஒருவர் மனமுவந்து முன்வந்திருந்தார். நம் கிருஷ்ணகிரி மண்ணின் கல் உலகமெங்கும் போகிறதே, நம் ஆலயத்துக்கு வேண்டாமா என்று நாமும் மகிழ்ந்திருந்தோம். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “பாலிஷ் கல்லுல மழைத்தண்ணி பட்டா மாடு கூட நிக்காது சாமி. அதே கல்ல ஃபிளேம் பண்ணிப் போடுங்க” என்றார். தீச்சுவாலையால் கல்லின் மேற்பரப்பைப் பொரியச் செய்து சொரசொரப்பாக்கும் வேலை அது. கல்லோடு வாழ்ந்தவர் அல்லவா! நன்கொடையாளரும் மறுசொல் இன்றி இசைந்துவிட்டார். நாம் இத்தனை ஆண்டுகள் இரக்கப்பட்ட அந்த மனிதரிடம், நமக்கு வேண்டிய அறிவு இருந்தது. நாம்தான் கேட்கவில்லை.

ஆகவே பங்கு மக்களே, நாம் உங்களிடம் வேண்டுவது இதுதான். முகப்பும் கோபுர விளக்கும் காத்திருக்கட்டும். பொன்விழாக் காணிக்கையில் முதல் செங்கல் அந்தச் சாய்தளத்துக்குப் போகட்டும். பணம் கொடுக்க இயலாதவர் ஒருநாள் உழைப்பைக் கொடுங்கள். நம் பள்ளியையும் சமூகக் கூடத்தையும் இதே அளவுநாடாவால் அளந்து பாருங்கள். ஓசூர்ச் சிப்காட்டிலும் மற்ற இடங்களிலும் வேலை பார்ப்பவர்கள் உங்கள் தொழிற்சாலை வாசலைப் பாருங்கள். வீடு கட்டுகிறவர்கள் உங்கள் வாசலையும் பாருங்கள். முதுமை எல்லாருக்கும் வரும். உங்கள் தெருவில் வெளியே வராமலே இருந்துவிட்டவர் எவரேனும் இருந்தால், அவர் எந்த மதத்தவராயினும் சரி, தமிழோ தெலுங்கோ கன்னடமோ எந்த மொழி பேசுபவராயினும் சரி, போய்ப் பார்த்து, “உங்களைத் தடுப்பது எது?” என்று கேளுங்கள். கேட்ட பின் கட்டுங்கள். கட்டும் முன் அளந்துகொள்ளுங்கள்.

அந்தப் பழைய பத்தடிச் சாய்தளத்தை நாளைக் காலை இடிக்கிறோம். முதல் சம்மட்டி அடியை நாமே அடிப்போம்; ஏனெனில் தவறு நம்முடையது. விழா நிறைவு நாளில் திருப்பலிக்கு முன், பீடப் பணியாளரும் குருக்களும் பவனியாய் வருவோம். அப்பவனியின் முன்னே சிலுவை செல்லும். அந்தச் சிலுவையை ஏந்தி வர அவர் இசைந்திருக்கிறார். நாற்காலியில் அதைத் தாங்கும் கொக்கியைத் தாமே பொருத்திக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். அன்று முப்பத்தாறு அடியையும் அவர் தாமே உருட்டி ஏறுவார். எவரும் தள்ள வேண்டாம். நாம் எல்லாரும் அவர் பின்னே, அதே பாதையில் ஏறுவோம்.

ஒருவரையும் வெளியே நிறுத்தாத ஆண்டவர் நம் பங்கை ஆசீர்வதிப்பாராக. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே. ஆமென்.